கடைச் சாவியும் ஆறு இலக்கமும்

நம் வியாபாரிகளில் பலர் ஓடரையும் கொடுக்கல் வாங்கலையும் வட்ஸ்அப்பிலேயே பேசி முடிக்கின்றனர். கடையைப் பூட்டுபவர்கள் இதைப் பூட்டுவதில்லை.

"நானா, உங்கட இலக்கத்துக்கு ஒரு குறியீடு மாறி வந்திட்டு, அனுப்புங்க" என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். உண்மையில் அது உங்கள் கணக்கை வேறொரு போனில் திறப்பதற்கான குறியீடு. கொடுத்தால், உங்கள் பெயரில் வாடிக்கையாளரிடம் பணம் கேட்பார்கள். புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த துணி வியாபாரி ஒருவரின் பெயரில் கேட்டபோது, இருவர் பணத்தைப் போட்டுவிட்டனர். அவர்களுக்கு விளக்கம் சொல்வதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

2017 முதல் இதற்கொரு பூட்டு உண்டு. செட்டிங்ஸ், எக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று சென்று ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றை அமையுங்கள். பிறந்த திகதி வேண்டாம். மின்னஞ்சல் முகவரியையும் கொடுங்கள். எண் மறந்தால் உதவும். கடைப் பையனுக்கும் சொல்லி வையுங்கள், பாதி நேரம் போன் அவன் கையில்தானே!

கணக்கு பறிபோய்விட்டதா? உங்கள் இலக்கத்தை மீண்டும் பதியுங்கள். எஸ்.எம்.எஸ்ஸில் வரும் புதிய குறியீட்டை இட்டதும் மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் இரகசிய எண் போட்டிருந்தால் 7 நாட்கள் காத்திருக்க நேரும். அதற்குள் வாடிக்கையாளர்களுக்குக் கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.