மொட்டை மாடியில் எட்டு அங்குலம்

எட்டு அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் பெரும்பாலும் இரண்டு பெட்டிகளில் வந்து இறங்கும். ஒன்றில் குழல், மற்றதில் அடிப்பீடத்துக்கான பலகைகள். வந்துவிட்ட சேதி வானம் பார்க்கும் நண்பர்களுக்குப் போன மறுநிமிடமே போன் அடிக்கத் தொடங்கிவிடும். “என்னப்பா, பிரிச்சாச்சா? கண்ணாடி பத்திரமா இருக்கா?” ஒருவர் வாங்கினால் அது அந்தக் கூட்டத்துக்கே வந்த கருவி. அந்தச் சந்தோஷம் நியாயமானதுதான். ஆனால் அந்த வேகத்தில் அன்றிரவே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், எதுவும் கூர்மையாகத் தெரியாமல், “சென்னை வானத்துக்கு இதெல்லாம் சரிப்படாது” என்று மூலையில் சாத்திவைத்தவர்களும் உண்டு. ஈக்காட்டுத்தாங்கல் மாதிரி நாலாபுறமும் வெளிச்சம் கொட்டுகிற இடத்திலும் இந்தக் கருவி அற்புதமாக வேலை செய்யும். முதல் சில நாட்களின் வேலைகளை அவசரப்படாமல் முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அடிப்பீடம். பலகைகளை இணைப்பது சுலபம். ஒரு ஆலன் சாவியும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் அவை மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள். நம்மூர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஓரங்கள் உப்பிவிடும். அதனால் பூட்டுவதற்கு முன்பே வெட்டுவாய்களிலும் திருகு ஓட்டைகளிலும் வார்னிஷ் தடவி ஓர் இரவு காயவிடுங்கள். பின்னால் பலகை மோசமானாலும் கவலை வேண்டாம். ஈக்காட்டுத்தாங்கலுக்குக் கிண்டி தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. பிளைவுட்டை வட்டமாக வெட்டித்தரவும், குழலின் பின்பக்கம் மாட்ட எடைக்கட்டி கடைந்துதரவும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. இந்த எளிய மேடையைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன், ராமகிருஷ்ண மடத்தின் மரபில் வந்த சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, ஒட்டுப்பலகையில் மேடை கட்டி, நடைபாதையில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். பழுது பார்க்கவும் மாற்றிக் கட்டவும் எவருக்கும் முடிய வேண்டும் என்பது இந்த வடிவத்தின் பிறவிக்குணம்.

அடுத்து, கருவி எங்கே குடியிருக்கப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். ஏசி அறை கூடவே கூடாது. குளிர்ந்த கண்ணாடியை நம் மாடியின் ஈரக்காற்றுக்குக் கொண்டுபோனால் நொடியில் வியர்த்துவிடும். வியர்த்தால் துணியால் துடைக்காதீர்கள், பூச்சில் கீறல் விழும்; தானாக விலகும்வரை காத்திருங்கள். சாதாரண அறையில், தரையிலிருந்து உயர்த்தி, இரண்டு பக்கமும் மூடிபோட்டு நிறுத்துவதே சரி. ஆற்றை ஒட்டிய தெருக்களில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பரில் அடையாறு எந்த மட்டத்துக்கு ஏறியது என்று சொல்லத் தேவையில்லை. மழைக்காலம் தொடங்குமுன் மேல்தளத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

குழல் எங்கே பார்க்கிறது என்று காட்டும் ஃபைண்டரைப் பகலிலேயே சரிசெய்துவிட வேண்டும். 25 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டு, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பிடியுங்கள். படம் தலைகீழாகத்தான் தெரியும். இந்த வகையில் அது இயல்பு. உச்சி நடுவில் வந்ததும் குழலை அசைக்காமல் ஃபைண்டரின் திருகுகளை மட்டும் திருப்பி, அதன் சிவப்புப் புள்ளியை அதே உச்சியில் உட்காரவையுங்கள். பிறகு 10 மில்லிமீட்டருக்கு மாறி மறுபடி ஒருமுறை. இதைச் செய்யும்போது சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் குழல் திரும்பினால் ஒரு நொடியில் பார்வை போய்விடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில், பகலில் மூடி போடாத குழலை மாடியில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கக்கூட இறங்கிவரக் கூடாது.

இப்போது காலிமேஷன், அதாவது கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று நேராக்குவது. புதியவர்கள் பயப்படுவது இதற்குத்தான், விஷயம் மொத்தமும் இதில்தான் இருக்கிறது. குழலின் அடியில் 203 மில்லிமீட்டர் குழிக்கண்ணாடி, வாய்ப்பக்கம் சாய்வாக ஒரு சின்னத் தட்டைக்கண்ணாடி. வானத்திலிருந்து வரும் ஒளியை முதலாவது குவித்துத் திருப்பி அனுப்ப, இரண்டாவது அதைப் பக்கவாட்டில் ஐபீஸுக்குத் தள்ளுகிறது. லாரியில் குலுங்கி வந்ததில் இரண்டும் கொஞ்சம் கோணியிருக்கும். அதே நிலையில் வியாழனைப் பார்த்தால் பட்டைகள் கரைந்த மாதிரி தெரியும். பழி வானத்தின் மேல் விழும்.

குழலைப் படுக்கைவசமாக வையுங்கள். சாவி கைதவறினாலும் கண்ணாடி மேல் விழாது. நேர்பார்க்கும் லேசர் கருவியை, ஐபீஸ் மாட்டும் ஃபோகஸரில் செருகும் முன் அதையே சோதித்துவிடுவது நல்லது. மெல்லச் சுழற்றிப் பார்த்தால் புள்ளி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வட்டம் போட்டால் லேசரே கோணல். விலை குறைந்தவற்றில் இது சகஜம். லேசர் நேராக இருந்தால், முதலில் சின்னக் கண்ணாடியின் மூன்று திருகுகளை, ஒன்றைத் தளர்த்தி இன்னொன்றை இறுக்கி, பெரிய கண்ணாடியின் நடுவில் ஒட்டியிருக்கும் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளியைக் கொண்டுவாருங்கள். பிறகு குழலின் அடிப்பக்கத் திருகுகளுக்குப் போய், திரும்பி வரும் கதிர் லேசரின் முகத்திலுள்ள துளைக்குள்ளேயே விழும்படி செய்யுங்கள். பூட்டுத்திருகுகளை மெதுவாக இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்திருக்கும். ஒருவர் அடியில் திருகைத் திருப்ப, இன்னொருவர் வாய்ப்பக்கம் நின்று, “இன்னும் கொஞ்சம்… போதும் அண்ணா, போதும்” என்று குரல் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். கைவந்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. மாடிப்படி ஏறிய ஒவ்வொரு தடவையும் செய்யலாம்.

மாடியில் இடம் பிடிப்பது தனிக்கலை. தளத்தின் நடுவில் யாராவது நடந்தால் நிலா துள்ளும். தூணோ உத்திரமோ ஓடுகிற இடத்துக்கு மேலே வைத்தால் அசைவு குறையும். நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி பத்து மணிவரை சூட்டைக் கக்கும். அந்தச் சூடான காற்று குழலுக்கு முன்னால் எழும்பினால் எந்த உருவமும் நிலையாக நிற்காது. மாடியில் படுத்துத் தூங்கிய காலத்தில் சாயங்காலமே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் குளிரவைப்பார்களே, அதையே செய்யுங்கள். ஈரம் காய்ந்த பிறகு கருவியை ஏற்றுங்கள். ஈக்காட்டுத்தாங்கலில் தெற்கே கத்திப்பாரா, கிழக்கே தொழில்நுட்பப் பூங்காக்கள் என்று வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும். தலையோடு ஐபீஸையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொண்டால் மங்கலான பொருள்கள் வியக்கும்படி எழுந்துவரும்.

நண்பர்களில் ஒருவர் துருவ அச்சில் சுழலும் மவுண்ட் வாங்கியிருந்தால் அவருக்கு இன்னொரு வேலை உண்டு: அதன் அச்சைச் சரியாக வடக்கு நோக்கித் திருப்ப வேண்டும். சென்னையில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து 13 பாகைதான் உயரம். வடக்கே அடையாற்றைத் தாண்டி ஜாபர்கான்பேட்டை, வடபழனி வெளிச்சத்திலும் தூசியிலும் அது பல இரவுகளில் கண்ணிலேயே படாது. போன் திசைகாட்டியைக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகள் குழப்பும். நம்பகமான வழி சூரியன்தான். நம்மூரில் சூரியன் உச்சியைக் கடக்கும் நேரம் பிப்ரவரி நடுவில் 12.23, நவம்பர் தொடக்கத்தில் 11.53, மற்ற நாட்களில் இவற்றுக்கு இடையில். அந்த நிமிடத்தில் தூக்குக்குண்டுக் கயிற்றின் நிழல் விழும் கோடு சுத்தமான வடக்கு தெற்கு. சுண்ணாம்பால் ஒருமுறை வரைந்துவைத்தால் வருஷத்துக்கும் உதவும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மட்டும் முயலாதீர்கள். அப்போது சூரியன் நேர் தலைக்கு மேல், நிழலே விழாது.

முதல் இலக்கு நிலா. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் திதி பாருங்கள். வளர்பிறை சஷ்டி முதல் தசமி வரை பொன்னான இரவுகள். பௌர்ணமி வேண்டாம், நிழலே இல்லாமல் எல்லாம் தட்டையாகிவிடும். அஷ்டமி, நவமியில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் சுவர் நிழல் நீண்டு விழும். 25 மில்லிமீட்டரில் 48 மடங்கு. நிலா முழுவதும் தாராளமாக அடங்கும். 10 மில்லிமீட்டரில் 120 மடங்கு. இங்கேதான் காத்து நிற்கும் வரிசை நகர மறுக்கும். அஷ்டமியை ஒட்டி நேர்ச்சுவர் என்று அழைக்கப்படும் 110 கிலோமீட்டர் நீளப் பிளவு, பேனாவால் இழுத்த கறுப்புக் கோடாக நிற்கும். அடுத்த நாள் 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோபர்நிகஸ் பள்ளம், படிப்படியாக இறங்கும் உட்சுவர்களோடும் நடுவே குட்டி மலைகளோடும் விடியலுக்கு வரும். பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிடச் சரியான நேரம் இது.

பிறகு வியாழன். இங்கேதான் சென்னைக்காரர்கள் தம் அதிர்ஷ்டத்தை அறியாமல் இருக்கிறார்கள். கோள்கள் மிகப் பிரகாசமானவை. தெருவிளக்கு அவற்றை ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு வேண்டியது அசையாத காற்றும் உயரமும். லண்டனில் தெற்குக் கூரைகளுக்கு மேலே தவழும் கோள்கள்கூட 13 பாகை அட்சரேகையில் நமக்குத் தலைக்கு மேல் ஏறிவரும். 2026 ஜனவரி 10 அன்று சூரியனுக்கு நேர் எதிரே அமைந்தபோது வியாழன் மிதுனத்தில், புனர்பூசத்துக்கு அருகில், நடு இரவில் உச்சியிலிருந்து ஏறத்தாழ 9 பாகை தள்ளிக் கடந்தது. நேர் உச்சிக்கு அருகில் டாப்சோனியனைப் பக்கவாட்டில் நகர்த்துவது சிரமம் என்பதால், உச்சி ஏறுவதற்கு இரண்டு மூன்று மணி முன்பே பிடித்துவிட வேண்டும். 120 மடங்கில் இரண்டு பழுப்புப் பட்டைகளும் நான்கு நிலாக்களும் உடனே தெரியும். ஆனால் உடனே எழுந்துவிடாதீர்கள். ஐபீஸில் கண் வைத்தபடி சில நிமிடம் காத்திருங்கள். காற்று ஒரு கணம் நின்றதும் பட்டைகளின் ஓரம் கிழிந்து சுருள்வதும், சில இரவுகளில் அதன் நிலா ஒன்றின் நிழல் மைப்புள்ளியாகக் கோளின் மேல் ஊர்வதும் தெரியவரும். பார்க்கப் பழகும் கண்ணுக்குத்தான் கருவி தன்னைக் கொடுக்கிறது. போகி அன்று மட்டும் கருவியைத் தூக்காதீர்கள். புகை அடங்க மறுநாளாவது ஆகும்.

வியாழனைப் பார்த்த கையோடு பக்கத்திலிருக்கும் காஸ்டரைப் பிடியுங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்று, 120 மடங்கில் நெருங்கி நிற்கும் இரண்டு வெள்ளை விண்மீன்கள். அதன் ஃபோகஸை லேசாகக் கலைத்துப் பாருங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் அமைந்தால் உங்கள் காலிமேஷன் தேறிவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபடி திருகுகளிடம் போக வேண்டியதுதான்.

திருவாதிரைக்குத் தெற்கே ஓரியன் நெபுலாவுக்கு வரும்போது விவாதம் தொடங்கும். இந்தச் சமயத்தில் எப்படியும் ஒரு நண்பர் தன் புது சீஸ்டார் எஸ்50-ஐக் கொண்டுவந்திருப்பார். இரண்டரைக் கிலோ எடை, 50 மில்லிமீட்டர் லென்ஸ், உள்ளேயே கேமரா. போனில் பெயரைத் தட்டினால் தானே தேடிப் பிடித்து, பத்துப் பத்து நொடிப் படங்களாக அடுக்கிக்கொண்டே போகும். கால் மணியில் நெபுலா சிவப்புச் சிறகோடு திரையில் மலரும். எட்டு அங்குலத்தில் அதே நெபுலா சாம்பல் நிறப் புகைதான். ஆனால் அதன் நடுவில் நான்கு குட்டி விண்மீன்கள் ஊசிமுனையாகக் குத்தி நிற்கும். கூட்டம் திரைப்பக்கம் சாயும். நான் எப்போதும் சொல்வது, முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் திரைக்குப் போங்கள் என்பதே. அந்த ஒளி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து விழித்திரையில் நேராக விழுகிறது. அந்த அனுபவத்தைப் படம் தராது. கேலக்ஸிகளைத் தேடும்போது சீஸ்டார்தான் வெல்லும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மாடியில் இரண்டும் இருப்பதே நிறைவு.

நகரத்தில் இருந்து என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நுங்கம்பாக்கத்தைச் சொல்லுங்கள். 1792 முதல் அங்கே இயங்கிய மெட்ராஸ் வான் ஆய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று ‘ஆசியா’ என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். 1867-இல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி தெற்கே தாழ்வாகத் தெரியும் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அன்று மின்விளக்கு இல்லை, உண்மை. ஆனால் தென்வானம் நமக்கு இவ்வளவு திறந்திருப்பது இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

இரவு முடிந்ததும் மூடிகளை உடனே போட்டுவிடாதீர்கள். குழலை அறைக்குக் கொண்டுவந்து, வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஈரம் விலகியபின் மூடுங்கள். ஐபீஸ்களைச் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே லென்ஸில் பூஞ்சை நூல்விடும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம். கையோடு ஒரு நோட்டில் தேதி, நேரம், பார்த்தது, காற்று எப்படி என்று எழுதிவிடுங்கள்.

ஏப்ரல் கடைசிக்குள் கை பழகியிருக்கும். அப்போது இரவு பதினொரு மணிக்குக் குழலை நேர் தெற்கே, கிண்டிப் பக்கம், தொடுவானத்திலிருந்து 30 பாகைக்குச் சற்றுக் குறைவாக இறக்குங்கள். மீனம்பாக்கம் விமானம் குறுக்கே போனால் போகட்டும். 48 மடங்கில் தேடினால் ஒமேகா சென்டாரி அகப்படும். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் பந்தாகத் திரண்ட கூட்டம் அது. லண்டனிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. நகர வெளிச்சத்தில் முதலில் வெறும் மங்கல் திட்டாகத்தான் தெரியும். 10 மில்லிமீட்டருக்கு மாற்றி, கறுப்புத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள்.