கைவிடப்பட்ட குற்றச்சாட்டும் கைவிடப்படாத பதிவும்: சில குறிப்புகள்

குற்றச்சாட்டு மீளப் பெறப்பட்டதும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தமது பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார் என்பது பொதுவாக நிலவும் நம்பிக்கை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(5) உறுப்புரையும், குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியென ஊகிக்கப்படல் வேண்டும் என்றே கூறுகின்றது. ஆயின் நீதிமன்றம் பேசும் மொழி ஒன்று, பொலிஸ் பதிவேடு பேசும் மொழி பிறிதொன்று. இவ்விரண்டிற்குமிடையே மனிதன் அகப்பட்டுக்கொள்ளும் இடத்தையே இங்கு நோக்க முற்படுகின்றோம். இலக்கிய மாணவர்களுக்கு இதிலென்ன அக்கறை எனக் கேட்கப்படலாம். நாம் எடுத்துக்கொள்ளும் இரு வழக்குகளிலும் கைதுக்குக் காரணமாகக் காட்டப்பட்டவற்றுள் இலக்கியப் படைப்பும் உண்டு என்பதே அதற்கான விடை.

சிங்களச் சிறுகதையாசிரியர் சக்திக சத்குமார, முகநூலில் வெளியிட்ட ‘அர்த’ என்னும் கதைக்காக 2019 ஏப்ரல் 1ஆம் திகதி பொல்கஹவெலவில் கைதுசெய்யப்பட்டார். அவர்மீது பிரயோகிக்கப்பட்டது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். அதாவது, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை நடைமுறைப்படுத்தவென இயற்றப்பட்ட சட்டம். உரிமையின் பெயரால் பிறந்த சட்டம் எழுத்தாளனைச் சிறைக்கு அனுப்பியமை வரலாற்றின் முரண்நகை எனலாம். இச்சட்டத்தின் கீழ்ப் பிணை வழங்கும் அதிகாரம் அப்போது மேல் நீதிமன்றத்திற்கே உரியதாயிருந்தது. ஆகவே நீதவான் முன்னிலையில் பலமுறை ஆஜராக்கப்பட்டும், அவ்வாண்டு ஆகஸ்ட் வரை அவர் விளக்கமறியலிலேயே இருக்க நேர்ந்தது. வழக்குத் தொடரப் போவதில்லையெனச் சட்டமா அதிபர் தரப்பு அறிவிக்க, 2021 பெப்ரவரியில் அவர் விடுவிக்கப்பட்டார்.

கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் நிலை வேறு. 2017இல் வெளிவந்த ‘நவரசம்’ கவிதைத் தொகுதியைக் காரணங்காட்டி, 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைதானார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அத்தொகுதியில் உள்ளன. அவற்றைத் தமிழில் வாசிக்க வல்லோர் நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தும், ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் அவர் தடுப்பிலும் மறியலிலும் கழிக்க வேண்டியதாயிற்று. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

மேலே ‘விடுவிக்கப்பட்டார்’ எனவும் ‘விடுதலை செய்தது’ எனவும் இரு சொற்களை வேண்டுமென்றே வேறுபடுத்தினோம். பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்று, சட்டத்தில் அல்ல. விசாரித்து விடுதலை செய்யப்பட்டவரை அதே குற்றத்திற்காக மீண்டும் விசாரித்தலாகாது என 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவு தடுக்கின்றது. வழக்குக் கைவிடப்பட்டதால் வெறுமனே விடுவிக்கப்பட்டவருக்கு அந்த அரண் இல்லை. அவர் குற்றவாளியல்லர் என எவரும் தீர்க்கவில்லை. அரசு தன் வாயை மூடிக்கொண்டது, அவ்வளவே. நிரபராதி என்று சொல்லிக்கொள்ள ஒரு தீர்ப்பும் கையில் இல்லாதவர் அவர். குற்றச்சாட்டு வலுவற்றதாயிருக்குந்தோறும் வழக்குத் தொடக்கத்திலேயே கைவிடப்படும் வாய்ப்பு மிகுதி. ஆகவே மிகவும் அப்பாவியானவரே மிகவும் அரணற்றவராக வெளியே வரக்கூடும்.

பதிவு என்னும் நிறுவனம் எங்கிருந்து வந்தது? 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, வீதி அமைப்பதற்கான பொருள் வழங்கும் ஒப்பந்தக்காரரான கோனாயின் முழுக் கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிப்பித்தார். கையொப்பத்தைப் பின்னர் மறுக்கவொட்டாது அச்சுறுத்துவதே நோக்கம். ஆக, குற்றவாளியிடமிருந்தன்றி ஒப்பந்தத்திற்குட்பட்ட ஒருவரிடமிருந்தே அக்கைரேகை பெறப்பட்டது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தோன்றியது. அதன் வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகியோர். பெயர் வாய்த்ததோ மேலதிகாரி ஹென்றிக்கு. (உழைப்பும் உரிமையும் பிரிந்து நிற்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.)

எனினும் அக்காலனித்துவ ஆட்சி 1920இல் இந்தியாவில் இயற்றிய கைதிகளை அடையாளங்காணும் சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஒரு நேர்மை இருந்தது. முன்னர் தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றியோ விசாரணையின் பின்போ விடுவிக்கப்படின், நீதிமன்றம் வேறுவிதமாகப் பணித்தாலன்றி, அவரிடம் எடுத்த அளவுகளும் படங்களும் அழிக்கப்படவோ அவரிடமே கையளிக்கப்படவோ வேண்டும் என்றது அது. அதன் இடத்திற்கு வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுகளை 75 ஆண்டுகள் பேண இடமளிக்கின்றது. விடுவிக்கப்பட்டோரின் பதிவுகளை அழிப்பதையும் சட்டப் பரிகாரங்கள் அனைத்தும் முடிவடைந்த பின்னருக்குத் தள்ளிவிட்டது. ஐரோப்பாவிலோ எஸ். மற்றும் மார்ப்பர் வழக்கில் 2008 டிசம்பர் 4ஆம் திகதி மனித உரிமைகள் நீதிமன்றம் பிரித்தானியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மனுதாரருள் ஒருவர் விடுதலை செய்யப்பட்ட சிறுவர். மார்ப்பர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. தண்டிக்கப்படாதவரின் கைரேகையையும் மரபணுத் தகவலையும் கால எல்லையின்றி வைத்திருப்பது தனிவாழ்வுக்கான உரிமையை மீறும் என்பது முடிவு.

எமது சூழலில் இப்பிரச்சினை குற்றச்சாட்டுடன் தொடங்குவதுமில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. அவர்கள்மீது வழக்கில்லை, ஆகவே கைவிடுவதற்கும் ஒன்றுமில்லை. பெயரும் முகவரியும் மாத்திரம் போதுமாயிருந்தன.

வெளிநாட்டு வேலைக்கோ வீசாவுக்கோ விண்ணப்பிப்பவரே இதனை நேரடியாக உணர்வார். மக்கள் ‘பொலிஸ் ரிப்போட்’ என்னும் சான்றிதழுக்கு வசித்த முகவரிகளைத் தரவேண்டும்; அவ்வப் பிரதேசப் பொலிஸ் நிலையங்களிடம் விசாரிக்கப்படும். கைது பதியப்பட்ட ஏட்டில் விடுவிப்பு பதியப்படாதிருப்பின் பழைய வரியே பேசும். இதனாற் பாதிக்கப்படுபவர் வசதியுள்ளோர் அல்லர். கடன்பட்டு முகவர்க்குப் பணங்கட்டி, நாட்குறித்துக் காத்திருக்கும் உழைப்பாளியே. வசதியுள்ளவருக்காக அலைய ஒரு சட்டத்தரணி இருப்பார்.

இந்நிலையில் செய்யத்தக்கது சிறிதாயினும் உண்டு. வழக்கு நடந்த நீதிமன்றின் பதிவாளரிடம் (நுகேகொடைவாசிக்கு அது கங்கொடவில நீதவான் நீதிமன்றமாயிருக்கலாம்) விடுவிப்புக் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியைப் பெறல் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் நன்று. அதனை இணைத்து, கைதுசெய்த பொலிஸ் நிலையத்திற்கும் பொலிஸின் குற்றப் பதிவுப் பிரிவுக்கும் பதிவைத் திருத்துமாறு பதிவுத் தபாலில் எழுதலாம். தம்மைப் பற்றி என்ன பதிவுள்ளது என அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். மறுப்பு அடிப்படை உரிமையை மீறுமாயின் உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் 126ஆம் உறுப்புரை அதற்குத் தரும் அவகாசம் ஒரு மாதமே. தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுத்தில் தந்தது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவதோ பிற்போடப்பட்டது. தேசிய பாதுகாப்பு, குற்றப் புலனாய்வு ஆகியவற்றுக்கான விதிவிலக்குகளும் அதிலேயே உள்ளன.