அழுத்தம் பரவும் அறை: நடுமார்பின் அமைப்பு

இரு நுரையீரல்களையும் தனித்தனியே போர்த்திய உறைகளுக்கு நடுவே, முன்புறம் மார்பெலும்பும் பின்புறம் முதுகெலும்பும் மேலே கழுத்தின் அடிவாயும் கீழே உதரவிதானம் என்னும் தசைத்தகடும் எல்லைகளாக அமைய, இதயத்தையும் உடலின் மிகப் பெரிய குருதிக்குழாய்களையும் தாங்கி நிற்கும் பகுதி நடுமார்பறை எனப்படும். மருத்துவர்கள் இதனை மீடியாஸ்டினம் என்பர். அறை என்று வழங்கினாலும் இதில் வெற்றிடம் ஏதுமில்லை. குழாய்களும் நரம்புகளும் நிணநீர்க் கணுக்களும் கொழுப்பும் நெகிழ்வான இணைப்புத் திசுவும் நெருங்கிக் கிடப்பதால், மார்புக்கூட்டில் எழும் அழுத்தம் இவை அனைத்தின்மீதும் ஒருசேரப் படுகிறது. இவ்வறையின் தலையாய இயல்பு இதுவே.

மார்பெலும்பின் மேற்பகுதியில், இரண்டாம் விலா எலும்பு வந்து சேரும் இடத்தில், விரலால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். அம்மேட்டிலிருந்து பின்னோக்கிச் செல்லும் கற்பனைத் தளம் அறையை மேல், கீழ் என இரண்டாகப் பிரிக்கிறது. மேற்பகுதியில் பெருந்தமனியின் வளைவும், தலைக்கும் கைகளுக்கும் குருதி கொண்டுசெல்லும் அதன் மூன்று கிளைகளும், மேற்பெருஞ்சிரையும், மூச்சுக்குழாயும், அதன் பின்னே உணவுக்குழாயும் உள்ளன. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து பின்னர்ச் சுருங்கும் தைமஸ் சுரப்பி இவற்றுக்கு முன்னே அமைந்துள்ளது. இடது வேகஸ் நரம்பின் கிளையொன்று பெருந்தமனி வளைவின் அடியில் சுற்றி மீண்டும் குரல்வளைக்கு ஏறுவது இப்பகுதியின் வியப்புக்குரிய அமைப்பாகும். அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் புற்றுநோயால் வீங்கி அக்கிளையை நெருக்கினால், தொண்டையில் எக்குறையும் இல்லாதவருக்கும் குரல் கம்மிப்போகும். கீழ்ப்பகுதியின் நடுவே இதயமும் அதன் உறையும் உள்ளன. அவ்வுறை உதரவிதானத்தோடு ஒட்டியிருப்பதால், உதரவிதானம் இறங்கினால் இதயமும் உடன் இறங்கும்.

இந்த ஒட்டுறவு போர்விமானிக்கு உயிர்ப்பிரச்சினையாகிறது. பெங்களூரில், தொம்மலூரைக் கடந்து செல்லும் பழைய விமான நிலையச் சாலையில், விமானபுரத்தில், இந்திய விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. 1957இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில், விமானிகளைச் சுழற்றி மிகை எடையை உணரச் செய்யும் மையவிலக்குச் சுழலி உள்ளது. அமர்ந்திருப்பவரின் இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரம் இருப்பதால், இயல்பு நிலையில் இதயத்தைவிடக் கண்மட்டத்தில் குருதி அழுத்தம் சுமார் 22 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைவாக இருக்கும். விமானம் கூர்மையாகத் திரும்பும்போது உடலின் எடை ஐந்து மடங்கானால் இக்குறைவும் ஐந்து மடங்காகும். அதோடு உதரவிதானம் கீழே சரிந்து இதயத்தையும் இழுப்பதால் அந்த உயரமும் கூடுகிறது. கண்ணுக்குள் தனியாக ஓர் அழுத்தம் இருப்பதால் விழித்திரைக்குச் செல்லும் குருதியே முதலில் தடைப்படுகிறது. பார்வை மங்கி இருண்ட பின்னரே நினைவு தப்புகிறது.

இதைத் தடுக்க விமானி கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி, குரல்வளையை மூடிக்கொண்டு, மூச்சை வெளியேற்ற முயல்வதுபோல மார்பை அழுத்துகிறார். அவ்வழுத்தம் நடுமார்பறை முழுதும் பரவி இதயத்தையும் பெருந்தமனியையும் வெளியிலிருந்து நெருக்க, தலைக்கு ஏறும் குருதியின் அழுத்தம் உயர்கிறது. அவர் அணியும் ஆடையின் வயிற்றுப்பை காற்றால் உப்பி, உதரவிதானம் சரியாதவாறு தாங்குகிறது. ஆனால் அதே அழுத்தம் மெல்லிய சுவர் கொண்ட பெருஞ்சிரைகளையும் வலது மேலறையையும் நெருக்கி, இதயத்துக்குத் திரும்பும் குருதியைக் குறைத்துவிடுகிறது. நீண்ட நேரம் மூச்சை அடக்கினால் இதயத்திடம் அனுப்புவதற்குக் குருதி மிஞ்சாது. ஆகவே ஏறத்தாழ மூன்று நொடிக்கு ஒருமுறை, நுரையீரலில் காற்று பெரும்பாலும் எஞ்சியிருக்கும்படி, மிகச் சுருக்கமாக மூச்சை விட்டு வாங்கி, சிரைகள் நிரம்ப இடம்கொடுத்து, விமானி மறுபடியும் இறுக்கிக்கொள்கிறார்.