பேராசிரியர் பணியும் பல்கலைக்கழகக் கல்வியின் பயனும்

பேராசிரியர் ஆதல் வேண்டும் என்னும் விழைவு பதவியை நோக்கியதா, பணியை நோக்கியதா என்பது முதற்கண் ஆராயத்தக்கது. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராய் இருந்த மு. வரதராசனார் தாமே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் தேறினார். 1939இல் பச்சையப்பன் கல்லூரி ஆசிரியரானார். சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடத்தை ஆய்ந்து 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். பதவிகள் அவர்தம் கல்வியைத் தொடர்ந்து வந்தனவேயன்றி, கல்வி பதவிகளைத் தொடர்ந்து சென்றதன்று.

அங்ஙனமாயின், கல்வியைப் பயனுடையதாக்கும் வழி யாது? தகடூர் நாடாகிய தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்தில் மகளிர்க்கென அரசு கலை அறிவியல் கல்லூரி உளது. தொல்காப்பியப் புறத்திணையியல், கல்லைத் தேர்ந்து காண்டல் முதல் வாழ்த்துதல் ஈறாக நடுகல்லுக்கு ஆறு நிலைகளைக் கூறும். அதியமானுக்கு நட்ட கல்லை ஔவையார் புறநானூற்றில் பாடினார். இவற்றை மாணவர் தேர்வுக்குரிய குறிப்பாக மனனம் செய்தல் பெருவழக்கு. ஆயின் இம்மாவட்டத்தில் எழுத்துடை நடுகற்கள் பல கிடைத்துள்ளன. மாணவியைக் கல்லின்முன் நிறுத்தி, வட்டெழுத்தைப் படிக்கவும், நூற்பா கூறுவதும் கல் கூறுவதும் எங்கு ஒக்கும், எங்கு வேறுபடும் எனத் தாமே எழுதவும் பயிற்றுதல் ஆசிரியர் கடன்.

குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற வருவார்க்கு வகுப்பறையே பெரும்பாலும் ஒரே வாயில். அங்குக் குறிப்பேடு மட்டும் கிடைப்பின், அவர்தம் மூன்றாண்டும் வீணாம். பேராசிரியராக விழையும் முதுகலை மாணவர், தம் ஊர்க் கல்லொன்றையேனும் இன்றே படித்துத் தொடங்குதல் நன்று.