கன்னத்தில் லேசர் படும் முன்

பீடோரில் ஒரு வீட்டில் கல்யாணத் தேதி குறித்துவிட்டால், பெண்ணின் கன்னத்துப் பரு வடுக்கள் திடீரென்று எல்லார் கண்ணிலும் படும். லேசர் போட்டால் போதும், பள்ளமெல்லாம் மறைந்துவிடும் என்று கைப்பேசியில் விளம்பரம் வரும். சம்மதிக்கும் முன் லேசர் தோலை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வடுவுக்குப் பரவலாகப் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. அதன் 10,600 நானோமீட்டர் கதிரைத் தோலிலுள்ள தண்ணீர் உறிஞ்சி, கண்ணிமைக்கும் முன் ஆவியாகும். அந்த இடத்துச் சதையும் கூடவே போய்விடும். சிகிச்சை முடிந்த கன்னத்தைக் கிட்டத்தில் பார்த்தால், கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல் நுண்துளைகள் வரிசையாக இருக்கும். புள்ளிகளுக்கு நடுவே கதிர் படாமல் விட்ட தோல்தான் புதுத்தோலை வளர்த்துத் துளையை மூடுகிறது. உள்ளே கொல்லாஜன் என்னும் புரதம் ஊற, பள்ளம் மெல்ல மேலேறும்.

ஆகவே இது காயம். அளவோடு, கணக்கோடு செய்யும் காயம்.

சூடு கூடினாலோ புள்ளிகள் நெருங்கினாலோ அது தீக்காயமாகிவிடும். நம் மாநிறத் தோலுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: புண் ஆறிய இடம் கறுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். காயம் தடித்து வளரும் உடம்புக்காரரும், பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுத்தவரும் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கண்ணுக்குக் கவசம் போடாத இடத்தில் உட்காரவே வேண்டாம்.

மலேசியாவில் இது மருத்துவச் சிகிச்சை. அழகு நிலையத்தில் செய்யும் வேலையல்ல. பதிவு பெற்ற கிளினிக்கில் டாக்டர்தான் செய்யலாம். பொது மருத்துவராக இருந்தால், அழகியல் சிகிச்சைக்குச் சுகாதார அமைச்சு தரும் எல்.சி.பி. சான்று அவரிடம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். பதிவில்லாமல் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி 300,000 வெள்ளி வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

முகம் வெந்துவிட்டால் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு ஓடுங்கள். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். ரசீது, பேக்கேஜ் தாள், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அமைச்சிடமும் மறவாமல் புகார் செய்யுங்கள்.

டாக்டரிடமோ கிளினிக்கிலோ அல்லாமல் அழகு நிலையத்தில் கட்டிய பணத்தைக் கேட்கப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, மூன்றாண்டுக்குள் போக வேண்டும். ஆனால் உடற்காயத்துக்கான நஷ்டஈடு அங்கே கிடைக்காது. அதற்குச் சிவில் நீதிமன்றம்தான். தீபகற்பத்தில் பொதுவாக அதற்குக் கெடு ஆறு ஆண்டு.