16 வயதானால் விடைபெறும் குழு

பிடித்த பாட்டுக்குழுவிலிருந்து ஒருவர் விலகினாலே ரசிகர்கள் வாடிப்போவார்கள். ஆனால் ஆட்களை மாற்றுவதையே விதியாக வைத்துக்கொண்டு உலகப் புகழ் பெற்ற ஒரு குழு இருந்தது. அதுதான் 'மெனூடோ'. கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில், தயாரிப்பாளர் எட்கார்டோ டியாஸ் 1977-இல் அதைத் தொடங்கினார். ஸ்பானிஷ் பாட்டும் துள்ளல் ஆட்டமுமாக மேடையேறிய முதல் ஐந்து சிறுவர்களும் இரண்டே குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு வீட்டிலிருந்து இருவர், இன்னொரு வீட்டிலிருந்து மூவர்.

வயது 16-ஐ நெருங்கினால் பையன் விடைபெற வேண்டும் என்பதே அன்றைய விதி. அந்த இடத்துக்கு இளையவன் ஒருவன் வருவான். முதல் ஐவரில் கடைசியாக விலகியவர் ரிக்கி மெலெண்டஸ். 1984-இல் அவர் இடத்துக்கு வந்த 12 வயதுச் சிறுவன்தான் பாடகர் ரிக்கி மார்ட்டின்! உயரம் போதாது என்று முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். அதே காலத்தில் குழுவில் இருந்த ரோபி ரோசா, பின்னாளில் அவருக்காக 'லிவின் லா வீடா லோக்கா' பாடலை இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். 1999-இல் உலகமே அதற்கு ஆடியது.

ஆனால் அந்தப் புகழுக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை பெரிது. ஓய்வில்லாத உழைப்பையும், தங்களுக்கு நேர்ந்த கொடுமைகளையும் பற்றி முன்னாள் உறுப்பினர்கள் சிலர் 2022-இல் வெளியான ஆவணத் தொடரில் மனம்திறந்து பேசியிருக்கிறார்கள். மெனூடோவின் பாடல்களோடு அந்தக் குரல்களையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.