துருக்கியிலிருந்து வந்த தழும்பு

அறுபது வயதைக் கடந்த நம்மிற் பலருடைய புயத்தில் அம்மை குத்திய வட்டத் தழும்பு ஒன்று இருக்கும். மயிலாப்பூரில் பள்ளி வாசலில் வரிசையாக நின்று நான் பெற்ற தழும்பு இன்னும் மறையவில்லை. இதற்கு வேண்டிய அம்மைப்பால் நெடுங்காலம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தயாராயிற்று. அத்தழும்பின் வரலாற்றை நான் ஜென்னரிடமிருந்து, அதாவது 1796ஆம் ஆண்டிலிருந்து தொடங்கியே முப்பது ஆண்டுகள் கற்பித்தேன். அதற்கு எண்பது ஆண்டுகள் முன்னரே துருக்கிக்குச் சென்ற பெண்மணி ஒருவரை விட்டுவிட்டேன். அக்குறையை இன்று தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

மேரி வொர்ட்லி மாண்டேகு என்பது அவர் பெயர். சுல்தானிடம் ஆங்கிலத் தூதராக அனுப்பப்பெற்ற கணவருடன் 1717இல் துருக்கியை அடைந்தார். அங்குக் கண்டவற்றை விவரிக்கும் அவர் கடிதங்கள், அவர் மறைந்த மறு ஆண்டு, 1763இல் அச்சேறின.

ஐரோப்பிய ஆடவர் பலர் அந்தப்புரங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தனர்; உள்ளே நுழையத்தான் அவர்களுக்கு வழியில்லை! சீமாட்டி நுழைந்தார். அந்நாளில் துருக்கி ஆட்சியிலிருந்த சோபியா நகரத்து வெந்நீர்க் குளியல் மண்டபத்தில், ஏறக்குறைய இருநூறு பெண்களிடையே, குதிரையேற்ற உடையுடன் போய் நின்றார். எவரும் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அவர் சட்டையைத் திறந்து, உள்ளே இறுகப் பூட்டியிருந்த கச்சைக் காட்டியதும் திகைத்துப்போனார்கள். கணவர்தாம் இவரை இந்தப் பொறிக்குள் பூட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்தார்களாம்.

முகத்திரையிட்டுச் செல்பவளைக் கணவனாலும் அடையாளம் காண இயலாது. ஆகவே துருக்கிப் பெண்களே நம்மினும் சுதந்தரம் உடையவர்கள் என்றும் அவர் எழுதினார். இதில் சற்று மிகை உண்டு; அவர் பெரும்பாலும் கண்டவை செல்வர் மனைகளே. எனினும் சொத்தைப் பற்றி அவர் கூறியது மெய். அங்கே மணமான பெண்ணின் பொருள் அவள் கையிலேயே இருந்தது. இங்கிலாந்துப் பெண்கள் அவ்வுரிமையைப் பெற 1882 வரை காத்திருக்க நேர்ந்தது.

இனித் தழும்புக்கு வருவோம். பெரியம்மை 1713இல் சீமாட்டியின் தம்பியைக் கொன்றது. 1715இல் அவரையே தாக்கி, முகத்தை வடுப்படுத்தி, இமைமயிரையும் போக்கியது. ஆகவே, எட்ரியானோப்பிள் நகரில் கேட்டறிந்த செய்தி அவரைப் பெரிதும் ஈர்த்தது. கோடை தணிந்ததும் அங்கே கிழவியர் வருவார்கள். கொட்டை ஓட்டில் கொணர்ந்த அம்மைச் சீழை ஊசி முனையளவு எடுத்துக் குழந்தைகளின் இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். எட்டாம் நாள் காய்ச்சல் காணும். இரண்டு மூன்று நாள் படுக்கை. பிறகு குழந்தை எழுந்து விளையாடும்.

சீமாட்டி வியந்ததோடு நிற்கவில்லை. 1718இல் கான்ஸ்டாண்டினோப்பிளில் கிரேக்க மூதாட்டி ஒருத்தியைக் கொண்டு தம் ஒரே மகனுக்கு அம்மை குத்துவித்தார். 1721இல் லண்டனில் நோய் பரவியபோது மருத்துவர் கண்ணெதிரே மகளுக்கும் அவ்வாறே செய்வித்தார். எதிர்ப்புக்குக் குறைவில்லை, இம்முறையால் சிலர் இறந்ததும் உண்மை. ஆயினும் வழக்கம் பரவிற்று. பின்னாளில் பசுவின் அம்மையைக் கொண்டு தீங்கு குறைந்த முறையைக் கண்ட ஜென்னருக்கே, சிறுவனாயிருந்தபோது, இந்தத் துருக்கி முறையில்தான் அம்மை குத்தினார்கள்.